அவரைக்கொடி மேல் வைத்த ஆணை

1

எனக்கு வயது எழுபது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே என்று யாராவது நினைத்தால், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

எழுபது என்பது என் கணக்கு. பிரெஞ்சு சர்க்கார் கணக்கில் எனக்கு அறுபத்தெட்டு. நான் பிறந்தது ஒரு மாசி மாதம், எங்கள் வீட்டு மாடு கன்று போட்ட அன்றைக்கு என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். பாஸ்போர்ட் மனு எழுதிக் கொடுத்தவர் மாட்டையும் கன்றையும் எழுத அதில் இடம் இல்லை என்று, ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார். அதனால் இங்கே என் பிறந்தநாளுக்கு ஊரே வாணம் விடுகிறது.

முந்தாநாள் ஆபீசுக்குப் போய் எனக்கு ஒரு அட்டை வாங்கி வந்தோம். இந்த நாட்டில் நான் குடியிருக்கலாம் என்று சர்க்கார் சொல்லும் அட்டை. முன்பு கொடுத்தது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இது பத்து வருஷம் செல்லும். என் மகன் செல்வம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்லம்மா" என்றான்.

"அதுக்குள்ள எனக்கு வேற ஊரு விசா வந்துரும்டா" என்றேன்.

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு பத்திரிகை போடுகிற பிள்ளை, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுபவம் எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறதாம். மற்றவர்கள் ஈபிள் கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் அதைப் பார்த்தேன். இரும்பு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இந்த அட்டை எப்படிக் கைக்கு வந்தது என்பதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணும், கால் போட மறந்துபோகும். அச்சுப் போடுகிற பிள்ளை திருத்திக்கொள்ளட்டும்.

2

செல்வம் என் கடைசி மகன். திண்டிவனத்துக்கு வெளியே செஞ்சி ரோட்டில் எங்களுக்குக் கிணறும் நிலமும் உண்டு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை என்று ஏதாவது ஒன்று எப்போதும் நிலத்தில் இருக்கும். பெரியவன் அதைப் பார்த்துக்கொண்டான். இவனுக்குப் பாண்டிச்சேரியில் பெண் எடுத்தோம். பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் ஆன கையோடு இவனும் கிளம்பிவிட்டான். பாரிசுக்கு வெளியே கார் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மருமகள் விமலாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மாலையில். பிள்ளைகள் இரண்டு. உஷாவுக்குப் பதினொன்று, ரவிக்கு ஆறு.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, எண்பத்தைந்தில், செல்வம் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனான். நான் மூட்டை கட்டும்போது புடவைக்கு முன்னால் விதையைத்தான் எடுத்து வைத்தேன். விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் என் மகள் வீட்டு வேலியில் ஒரு அவரை உண்டு. பட்டையாக, ஓரத்தில் ஊதா வரி ஓடியிருக்கும். அந்த விதை, புடலை விதை, வெண்டை விதை, முளைக்கீரை விதை. எல்லாவற்றையும் அடுப்புச் சாம்பலில் பிசறி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடினேன். சாம்பலில் போட்டால் பூச்சி அரிக்காது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்.

பாரிஸ் ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரி என் பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பல். அவர் முகம் மாறிவிட்டது. என் வெறும் நெற்றியைப் பார்த்தார், என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். செல்வத்திடம் மெதுவாக ஏதோ கேட்டார். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு "வீ" என்றான். 'வீ' என்றால் ஆமாம். அதிகாரி மூடியை மரியாதையாக மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, தலை தாழ்த்தினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாடா கேட்டாரு?"

"இது உங்க அப்பாவான்னு கேட்டாரும்மா."

உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனிதர் ஒரு விதையை எடுத்துப் பத்திரப்படுத்தியவர் இல்லை. போன பிறகாவது காப்பாற்றிக் கொடுத்தாரே.

3

செல்வம் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லை. நான்கு கட்டில் நீளம் இருக்கும். அதில் புல்தான். என் மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவான், உரம் போடுவான். வளர்ந்ததும் மெஷின் வைத்து வெட்டுவான். வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையில் வைப்பான். தெருவில் எல்லா வீட்டிலும் அதே வேலை. தெரு முழுக்க ஒரு மாடு கிடையாது.

"மாடு இல்லாத ஊருல யாருக்குடா புல்லு வளக்கறீங்க?" என்றேன்.

"அழகுக்கும்மா."

"உங்க அப்பா நிலத்துல கோரை மண்டிக் கெடந்துச்சே. அதக் கூட நீ அழகுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தியா?"

முதல் குளிர்காலம் முழுக்க நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமலா வேலைக்குப் போவாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், மகன் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குவான். எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்கக்கூட நான்கு பொத்தான். நான் தொட்டால் விமலா பதறி ஓடி வருவாள். கோடை வந்ததும் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்: இந்தக் கொல்லையில் காய்கறி போடலாம், குடும்பமே சேர்ந்து போடலாம், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரில் நான் தோட்டம் போட்டவள் இல்லை. நிலத்தில் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, களை எடுக்கிறவர்களை "அங்க விட்டுட்டியே, இங்க விட்டுட்டியே" என்று சொன்னவள். வேலியில் அவரை விதையை ஊன்றுவேன். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். ஐப்பசியில் பூத்துக் கார்த்திகையில் முறம் முறமாகக் காய்க்கும்போது, கை ராசிக்காரி என்று தெருவே சொல்லும். நானும் மழையின் சம்பளத்தை வாங்கி மடியில் முடிந்துகொள்வேன்.

ஆனால் பெரியம்மா தோரணை வந்துவிட்டால் லேசில் போகாது. நாற்காலியைக் கொல்லையில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். செல்வம் புல்லைப் பெயர்த்தான், விமலா மண்ணைக் கொத்தினாள், பிள்ளைகள் கல் பொறுக்கின. நான் விரல் நீட்டினேன்.

எரு வேண்டும் என்றேன். சாணிக்கு எங்கே போவது? குதிரைச் சவாரி சொல்லித் தருகிற இடம் ஒன்று பக்கத்தில் இருந்தது. செல்வம் காரின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் விரித்துக் குதிரைச் சாணியை வாரி வந்தான். அந்த நாற்றம் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. திங்கட்கிழமை அதே காரில் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கிய உஷா, சாயங்காலம் வந்து என் முன்னால் நின்றாள்.

"ஆயா, இனிமே நான் நடந்துதான் ஸ்கூலுக்குப் போவேன்."

"ஏண்டி?"

"நான் எறங்கினதும் எல்லாரும் மூக்கப் புடிச்சாங்க. நாங்க வீட்டுல குதிரை வளக்கறமான்னு கேட்டாங்க."

"ஆமான்னு சொல்றதுதான? பெருமையா இருந்திருக்குமே."

அவள் அப்பனைப் பார்த்துப் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள். செல்வம் எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

4

மண் தயாராகிவிட்டது. விமலா, "விதையப் போட்டுடலாமா அத்த?" என்றாள். அப்போது நம் கணக்கில் வைகாசி நடந்துகொண்டிருந்தது.

"வைகாசியிலயா? பாண்டிச்சேரிக்காரி கேக்கற கேள்வியப் பாரு. ஆடி பொறக்கட்டும்."

ஆடியில் விதைப்பது எங்கள் பக்கத்தில் பல் விளக்குவது மாதிரி. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆடியில் விதைத்தால் ஆவணி மழை, புரட்டாசி மழை, ஐப்பசி அடைமழை என்று வரிசையாக வந்து வளர்த்துவிட்டுப் போகும். அந்த மழையெல்லாம் திண்டிவனத்தில் இறங்குகிறது, என் பின்னாலேயே விமானம் ஏறி வரவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் தமிழ்க் காலண்டர் மாட்டியிருந்தது. காலண்டர் இருந்தால் மாதமும் வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

வைகாசி, ஆனி முழுக்க எங்கள் கொல்லை கறுப்பாக வெறும் மண்ணாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், பெண்டாட்டி இல்லாதவர். நாங்கள் மூசியே என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் தோட்டத்தில் அதற்குள் தக்காளி சிவந்துவிட்டது. எனக்கு அது கண்ணில் படும். பாவம், விதைக்கிற பட்டம் தெரியாத மனிதர், ஏதோ குருட்டாம்போக்கில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆடி பிறந்தது. குளித்து, மண்ணுக்குக் கற்பூரம் காட்டி, மேல்மலையனூர் அங்காளம்மனை நினைத்துக்கொண்டு விதை ஊன்றினோம். மூசியே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். கையை ஆட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு கடகடவென்று நடுங்கிக் காட்டினார். பல்லைக்கூட அடித்துக் காட்டினார்.

"ஐயோ பாவம், குளிர் ஜுரம்" என்றேன். உள்ளே போய் மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு ஒரு சொம்பு கஷாயம் வைத்து ரவியிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் அங்கேயே குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் வேலியருகே வந்து அதே மாதிரி நடுங்கிக் காட்டினார். மறுநாளும் கஷாயம் போயிற்று. மூன்றாம் நாள் அவர் நடுங்குவதை நிறுத்திவிட்டார். குணமாகிவிட்டது என்று எனக்கு ரொம்பத் திருப்தி.

குளிர் வரப்போகிறது, இப்போது விதைக்காதே என்று அந்த மனிதர் சொன்னார் என்பது எனக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது.

5

வெண்டை ஒரு சாண் வளர்ந்து நின்றது. புடலை முளைக்கவே இல்லை. முளைக்கீரை மட்டும் தளதளவென்று பாய் விரித்தது மாதிரி வந்தது. நாளைக்குப் பறித்துக் கடையலாம் என்று இருந்தோம். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மண் சுத்தமாக இருந்தது. மூசியே எங்கள் மேல் இருந்த பிரியத்தில், வேலியைத் தாண்டி வந்து, களை மண்டிவிட்டது என்று ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டிருந்தார். அவர்கள் ஊரில் அது களையாம். செல்வம் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தான். வேறு என்ன சொல்வது? கஷாயத்துக்குப் பதில் மரியாதை.

மிச்சம் இருந்தது அவரை. அது மட்டும் நான் சொன்னபடி கேட்டது. வேலியில் ஏறி, துணி காய்கிற கம்பியில் படர்ந்து, கை அகல இலை விட்டு நின்றது. பூ மட்டும் இல்லை. ஐப்பசியில் பூக்கிற செடி ஆவணியில் எப்படிப் பூக்கும் என்று நானே எல்லாருக்கும் தைரியம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் விமலா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள்.

"அத்த, உங்க கார்டு கார்த்திகையோட முடியுது. ஊருக்குப் போறதா இருந்தா இப்பவே டிக்கெட் சொல்லி வெச்சாத்தான் கெடைக்கும். இங்கயே இருக்கறதா இருந்தா பேப்பரெல்லாம் ரெடி பண்ணிக்கினு ஆபீசுக்குப் போவணும். உங்களுக்கு எது இஷ்டம்?"

அவள் சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. எனக்கு டிக்கெட் என்ற பாதிதான் கேட்டது. ஒரு வருஷம் சமையலறையில் அவள் என்னோடு அதிகம் பேசியதில்லை. வேலைக்குப் போய் வந்து அலுத்துப்போய் இருப்பாள். நான் உப்பு குறைவு என்பேன். அவள் சரிங்க அத்த என்பாள். அவ்வளவுதான். நான் போனால் இவளுக்கு நிம்மதி என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது.

இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டில் எல்லாரையும் இருக்கச் சொன்னவள் நான். என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? போகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெரியவன் போன மாதம்தான் எழுதியிருந்தான்: "நீ எப்ப வேணாலும் வாம்மா. உன் ரூமுல மல்லாட்டை மூட்டை அடுக்கியிருக்கறோம். நீ வந்தா எடுத்துடலாம்." அவனைக் குறை சொல்லவில்லை. மல்லாட்டை ஈரம் படாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

இரண்டையும் சொல்ல முடியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அந்த அவரைக் கொடியில ஒரு காயி காய்ச்சா இங்கயே இருக்கறேன். இந்த மண்ணு என்ன ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். கார்த்திகைக்குள்ள காய்க்கலன்னா டிக்கெட்ட எடுங்க. மலையனூர் ஆத்தா மேல ஆணை."

செல்வம் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான். "இன்னாம்மா நீ? அவரைக்காய்க்கும் விசாவுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஆணை வெச்சாச்சு. அவ்ளோதான்."

ரவி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஆயா, காய் வரலன்னா நீ ஏரோப்ளேன்ல போயிடுவியா?"

"ஆமாம்."

"திரும்பி வரமாட்டியா?"

விமலா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன்.

6

அதற்குப் பிறகு அந்தக் கொடி என்னைப் படுத்திய பாடு. காலையில் எழுந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து ஒவ்வொரு கணுவாகப் பார்ப்பேன். இலை, இலை, மறுபடியும் இலை. என் மாமியாருக்குக்கூட நான் இப்படிக் காத்து நின்றதில்லை. இதில் என்ன வேடிக்கை என்றால், காய்க்க வேண்டும் என்று நினைக்கிறேனா, காய்க்கக் கூடாது என்று நினைக்கிறேனா என்பது எனக்கே தெரியாது. ஒரு நாள், பூத்துத் தொலையேன் என்பேன். மறுநாள் விழுப்புரம் ஞாபகம் வரும். மகள் வீட்டு வேலியருகே உட்கார்ந்தால், ஜங்ஷனில் சிக்னலுக்கு நிற்கிற ரயிலில் இருந்து யாராவது "அம்மா, காயி குடுப்பீங்களா?" என்று கேட்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். ஆனாலும் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தது.

வீட்டில் எல்லாருக்கும் அதே கவலை என்று எனக்கு உடனே தெரியவில்லை. வெயில் இறங்கியதும் செல்வம் கொடிக்குப் பழைய போர்வையைப் போர்த்தினான். கார் கழுவுகிற துணியைக் கூடச் சுற்றினான். மூசியே ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள் கொடுத்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் கொல்லையில் யாரோ பிரசவித்துப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் உஷா கொடியிடம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அதுகிட்ட இன்னாடி பேசற? அதுக்குத் தமிழ்தான் தெரியும்."

"ஆயா, அது இங்க மொளைச்சதுதான? என்ன மாதிரி. ரெண்டும் தெரியும்."

ஆயுத பூஜை கழிந்து ஒரு பூங்கொத்து வந்தது. ஊதா நிறத்தில், விரல் நீளம். நான் கூப்பிட்ட கூச்சலில் மூசியே வேலிக்கு வந்துவிட்டார். செல்வம் அதைப் போட்டோ எடுத்தான். விமலா கிட்டே வந்து பார்த்தாள். "காயாவ எத்தினி நாள் ஆவும் அத்த?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரத்துல பிஞ்சு புடிச்சுடும்" என்றேன்.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால் மூச்சு புகையாக வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மூசியே வேலியில் நின்று மறுபடியும் நடுங்கிக் காட்டினார். இந்தத் தடவை உஷா பக்கத்தில் இருந்தாள். "ஆயா, இன்னைக்கி ஐஸ் விழுமாம். செடியெல்லாம் செத்துடுமாம். ஆடியில போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னாராம். நீங்க ஏதோ காரமாக் குடிக்கக் குடுத்தீங்களாம்" என்றாள்.

நான் மூசியேவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். வருஷம் முழுக்க நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் முதல் தடவை எனக்குப் புரிந்தது அதுதான்.

7

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லை முழுக்க உப்புத் தூவினது மாதிரி வெள்ளை. பிளாஸ்டிக்குக்குள் அவரைக்கொடி, வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. பெட்டியில் எந்தப் புடவையை முதலில் வைப்பது என்று யோசனை ஓடியது. அப்போதுதான், போக வேண்டாம் என்று என் மனசு சொல்வது எனக்கே கேட்டது.

அன்றைக்கு முழுக்க நான் வெளியே போகவில்லை. ஜன்னல் துணியை இழுத்து விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கு மறுநாள் காலை, கறுத்ததைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று சால்வையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

செத்த கொடியில் பச்சைப்பசேல் என்று காய் தொங்கியது.

இலை கறுப்பு, தண்டு கறுப்பு, காய் மட்டும் அப்போதுதான் குளித்து வந்தது மாதிரி பளபளவென்று. அவரையும் இல்லை. மெலிதாக, உருண்டையாக, இங்கே கடையில் பாக்கெட் போட்டு விற்கிற பீன்ஸ். என் ஊதா வரி அவரைக்கொடி ஒரே நாளில் வேறு சாதிக் காயைப் பெற்றுப் போட்டிருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கியவை எல்லாம் தலைகீழாக இருந்தன, காம்பு கீழே, மூக்கு மேலே. வெள்ளை நூலில், ரவி அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்த ஷூ லேஸ் முடிச்சு. சிரிப்பு வந்துவிட்டது. காய் எப்படித் தொங்கும் என்று அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தன?

பிறகு நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே, கம்பியில் படர்ந்த இடத்திலும் காய் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குக் கை எட்டாது. அவை நேராகத் தொங்கின. பச்சை நூல். ஒவ்வொரு காம்பையும் சுற்றி ஒரு வளையம், அதன்மேல் திருப்பிப் போட்ட இன்னொரு வளையம், இறுக்கம் பிசகாமல். அது பூக் கட்டுகிறவள் போடும் முடிச்சு. என் வீட்டில் எனக்கு வராது. என் பெண்களுக்கு வராது. செல்வத்துக்கு ஷூ லேஸே ஒழுங்காக வராது. நிச்சயதார்த்தத்துக்குப் பாண்டிச்சேரி போயிருந்தபோது, கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கையைத்தான் நான் முதலில் பார்த்தேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்தக் கை, காலை ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால், ஐஸ் விழுந்த கொல்லையில் நின்று இதைக் கட்டியிருக்கிறது.

டிக்கெட் என்றவள் அவள்தான். இருக்கறதா இருந்தா என்றவளும் அவள்தான்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மாடி ஜன்னல் துணி அசைந்தது. அதன் ஓரத்தில் இரண்டு சின்னத் தலைகள் தெரிந்தன. சரி என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, திண்டிவனம் வரை கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"டேய் செல்வம்! காய்ச்சிருச்சுடா! வந்து பாருங்கடா, கொத்துக் கொத்தா காய்ச்சிருச்சு!"

பிள்ளைகள் படி உருண்ட மாதிரி இறங்கி வந்தன. செல்வம் வந்தான், கொடியைப் பார்த்தான், இருமிக்கொண்டே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே இருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த விமலாவை நான் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனேன்.

"நெசமாவா அத்த? இந்தக் குளுருலயா? அதிசயமா இருக்குதே!" என்றாள். அவளுக்குச் சுத்தமாக நடிக்க வராது.

"ஆத்தா செயல்" என்றேன். எனக்கு நடிக்க நன்றாக வரும்.

நானே எல்லாவற்றையும் பறித்தேன். நூலையெல்லாம் யாரும் பார்க்காமல் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த நான்கு பொத்தான் அடுப்பை விமலா பற்றவைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். சாப்பிடும்போது ஆளாளுக்கு என் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னா இருந்தாலும் நம்ம ஊரு அவரைக்காய் ருசியே தனிதான் அத்த" என்றாள் விமலா, கொஞ்சம்கூடக் கூசாமல்.

"உப்பு சரியா இருக்குதா?" என்றேன்.

"கம்மி" என்றாள்.

அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் எனக்குச் சொன்ன முதல் குறை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

8

மலையனூர் ஆத்தாளிடம் கணக்குத் தீர்க்க வேண்டும் அல்லவா? ஆணை வைத்தது வைத்ததுதான். அமாவாசை அன்று விளக்கேற்றி வைத்துவிட்டு அவளிடம் வழக்குப் பேசினேன். கொடியில் காய்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன் தாயே, கொடியே காய்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டு மண் என்னை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டேன். மண்ணுக்குப் பதில் மனுஷர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். விளக்கு நன்றாக எரிந்தது.

பிறகு ஆபீஸ். விமலா லீவு போட்டுவிட்டு வந்தாள். உஷாவும் கூட வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள், ஏன் இங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டாள். உஷா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"தோட்டம் இருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

உஷா அந்த அம்மாளிடம் பிரெஞ்சில் ரொம்ப நேரம் பேசினாள். நான் சொன்னது இரண்டு வார்த்தை. அவள் சொன்னது ஒரு பக்கம் இருக்கும். விமலா வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு தாளில் முத்திரை குத்தினாள். நான் பேனாவை வாங்கி என் பெயரைத் தமிழில் போட்டேன். நிறைய இடம் எடுத்துக்கொண்டது. பரவாயில்லை.

என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. காய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதை நானும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை. செத்த கொடியில் அவரை காய்த்ததாக இந்தக் கிழவி நம்பிவிட்டாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவளைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு. இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன்.

விமலாவிடம் நேராகப் போய் ஒரு வார்த்தை சொல்ல எத்தனையோ தடவை சமையலறை வாசல் வரை போயிருக்கிறேன். போனதும், ரசத்தில் புளி அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நாக்கு அந்த வழியிலேயே பழகிவிட்டது. அதனால்தான் எழுதினேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விமலா உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், கதவு திறந்துதான் இருக்கிறது. உஷாவுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும். நிறுத்தி நிறுத்தித்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

உஷா, இங்க வாடி. இந்தத் தாள எடுத்துக்கோ. நான் எழுதினது சரியா இருக்குதான்னு முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. வாய்க்குள்ள முணுமுணுக்காத. உங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படி.